சும்மா கிடைக்கும் நார்க்கழிவா, காசு கொடுத்து வாங்கும் வைக்கோலா? காளான் பாத்திக்கு எது சரி

கடையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை, வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்து ஒரு காளான் குடில் போட்டிருக்கிறாள். குடில் தயார், கயிறு கட்டி உறிகளும் தொங்கவிட்டாயிற்று. பாத்தியில், அதாவது காளான் வளரத் தொங்கவிடும் பையில், எதை அடைப்பது என்பதுதான் மிச்சம். நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு சேரன்மகாதேவிக்கு வந்தாள். அம்பாசமுத்திரத்து வைக்கோல், விலையும் வண்டி வாடகையும் உண்டு. களக்காட்டு வாழைச்சருகு, அங்கே தோப்பு வைத்திருக்கும் அவள் கொழுந்தனார் சும்மா தருவார். வாசுதேவநல்லூர்ப் பக்கத்துக் கரும்புச் சக்கை. செங்கோட்டை மர அறுவை மில்லின் மரத்தூள். ராஜபாளையத்துப் பஞ்சுக் கழிவு. கடைசியாக, அவள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மலைபோல் குவிந்து கிடக்கும் தென்னை நார்க்கழிவு.

"அண்ணே, நார்க்கழிவை அள்ளிக்கொண்டு போனால் போதும் என்கிறார்கள். ஒரு ரூபாய் செலவில்லை. அதிலேயே போட்டுவிடலாமா?" என்றாள்.

நான் ஒன்பது வருடமாகச் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. எல்லோருடைய பட்டியலிலும் பொருளுக்குப் பக்கத்தில் விலைதான் எழுதியிருக்கும். விலைக்கு முன்னால் எழுதவேண்டியது வேறொன்று. இந்தப் பொருளில் இருக்கும் கார்பனை இந்தக் காளானால் எடுக்க முடியுமா, முடியாதா? அதைத் தெரிந்துகொண்டால் பட்டியலில் பாதி தானாக அடிபட்டுப் போகும்.

நெல் தனக்கு வேண்டிய கார்பனைக் காற்றிலிருந்து எடுக்கிறது. இலை இருக்கிறது, பச்சையம் இருக்கிறது, வெயில் இருக்கிறது. காளானுக்கு இவை எதுவும் கிடையாது. நெல்லோ வாழையோ தென்னையோ தன் உடம்பில் சேர்த்து வைத்ததை உடைத்துத் தின்றுதான் அது வளரவேண்டும். காளான் குடையில் இருக்கும் கார்பன் முழுவதும் நாம் பாத்தியில் அடைத்த பொருளிலிருந்து வந்தது. தண்ணீர் தெளிப்பதாலோ வெளிச்சம் காட்டுவதாலோ அதில் ஒரு கிராம்கூடச் சேராது.

அந்தக் கார்பன் எப்படி அடைபட்டிருக்கிறது என்பதைத் தங்கைக்குப் பனைமரத்தை வைத்துச் சொன்னேன். பதநீர், பனங்கிழங்கு, பனஞ்சட்டம் மூன்றும் ஒரே மரத்துப் பொருள்கள். மூன்றிலும் கார்பன் உண்டு. பதநீரை இறக்கிவைத்த நிமிடமே ஈயும் எறும்பும் வந்துவிடும்; யார் வேண்டுமானாலும் குடிக்கலாம். கிழங்கை அவித்து, நாரை உரித்து, மென்றுதான் தின்னவேண்டும். சட்டத்தைத் தின்ன முடியாது. அறுக்கவே தனி வாள் வேண்டும். வைக்கோலிலும் சருகிலும் மரத்தூளிலும் இதே மூன்று நிலைகள் இருக்கின்றன. எளிதில் கரையும் சர்க்கரையும் மாவுப்பொருளும் பதநீர். செல்லுலோஸும் ஹெமிசெல்லுலோஸும் கிழங்கு. அவற்றைச் சுற்றிப் பிசினைப் போல் இறுகியிருக்கும் லிக்னின் சட்டம்.

சிப்பிக் காளானுக்குச் சட்டத்தை அறுக்கும் வாள் உண்டு. காட்டில் பட்டுப்போன மரத்தின்மேல் வளர்ந்து, மரத்தை வெள்ளையாக இற்றுப்போகச் செய்யும் இனம் அது. லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் போன்ற நொதிகளைத் தன் நூல்போன்ற இழையிலிருந்து வெளியே கசியவிட்டு லிக்னினைச் சிதைக்கும். லிக்னினைத் தின்று வயிற்றை நிரப்புவது அதன் நோக்கம் அல்ல. லிக்னினை உடைப்பதில் அதற்குச் செலவுதான் அதிகம், வரவு இல்லை. உள்ளே மறைந்திருக்கும் செல்லுலோஸை எட்டுவதற்காகத்தான் இந்த வேலை. செல்லுலோஸை எட்டியபின் அதைக் குளுக்கோஸாக நறுக்கிக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். பூஞ்சைக்கு வாய் கிடையாது, வயிறும் கிடையாது. சமையல் முழுக்க உடம்புக்கு வெளியேதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். வித்து (காளான் இழை பரவிய தானியம்) போட்டுப் பத்து நாளான பாத்தி ஒன்றைத் தங்கைக்குப் பிரித்துக் காட்டினேன். வித்து விழுந்த இடத்திலிருந்து நாலு விரற்கடை தூரம் வரை வைக்கோல் வெள்ளை நூலில் தைத்ததுபோல் ஒட்டிப் பிடித்திருந்தது. ஒரு தாளை உருவி நகத்தால் பிளந்தபோது, உள்பக்கம் முழுக்கப் பஞ்சு பூத்திருந்தது. புது வைக்கோல் மடக்கினால் வளையும், முறுக்கினால் முறுகும், எளிதில் அறாது. இரண்டு பறிப்பு முடிந்த பாத்தியின் வைக்கோலை எடுத்து முறுக்கச் சொன்னேன். ஈரத் தாளைப்போல் அவள் கையில் பிய்ந்து வந்தது. நாராகப் பிடித்துவைத்திருந்ததெல்லாம் காளானாகவும் காற்றாகவும் போய்விட்டது.

காற்றாகப் போனது எவ்வளவு என்று கணக்குப் போட்டால் பலருக்கு நம்பிக்கை வராது. ஒரு கிலோ காய்ந்த வைக்கோலில் கார்பன் ஏறக்குறைய 400 கிராம். அதிலிருந்து 700 கிராம் காளான் பறித்தோம் என்று வைத்துக்கொள்வோம், நல்ல மகசூல்தான். பறித்த காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், உலர்ந்த எடை 70 கிராம்தான். அதில் கார்பன் 28 கிராமுக்குக் கிட்டத்தட்ட. ஆக, 400-ல் 28. நூற்றுக்கு ஏழு! மூன்று பறிப்பு முடியும்போது பாத்தியின் உலர் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருக்கும். காளானாக வந்ததைக் கழித்துப் பார்த்தால், நூறு கிராமுக்கும் மேற்பட்ட கார்பன் கரியமில வாயுவாகப் போயிருக்கிறது. மிச்சம் பாத்தியிலேயே கிடக்கிறது.

நூறு கிராம் கார்பன் என்றால் காற்றில் இருநூறு லிட்டர் கரியமில வாயு. தண்ணீர் பிடித்துவைக்கும் பெரிய டிரம் ஒன்று நிறைய. அதுவும் ஒரு கிலோ வைக்கோலுக்கு! குடிலில் நூறு பாத்தி தொங்கினால் எத்தனை டிரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் தொடங்கிய முதல் வருடம், ஈரம் போய்விடும் என்று பயந்து குடிலைச் சுற்றிச் சாக்கைத் தொங்கவிட்டு இண்டு இடுக்கில்லாமல் அடைத்தேன். வந்த காளான்களுக்குத் தண்டு விரல் நீளம், குடை சட்டைப் பொத்தான் அளவு. வித்துதான் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து ஒரு மாதத்தை வீணடித்தேன். வித்து நன்றாகத்தான் இருந்தது. காளான்கள் தாங்கள் விட்ட மூச்சிலேயே திணறிக்கொண்டிருந்தன. வித்துப் பரவும் நாட்களில் கரியமில வாயு கூடுதலாக இருந்தாலும் இழைக்குப் பாதகமில்லை. மொட்டு வந்தபிறகு காற்றோட்டம் இல்லையென்றால் குடை விரியாது. எந்தப் பொருளை அடைத்தாலும் இது மாறாது.

தழைச்சத்தின், அதாவது நைட்ரஜனின், கணக்கு இதற்கு நேர்மாறு. அதே ஒரு கிலோ வைக்கோலில் தழைச்சத்து 6 கிராம்தான் இருக்கும். காளானின் உலர் எடையில் நூற்றுக்கு நான்கு பங்கு தழைச்சத்து என்று கொண்டால், 70 கிராமுக்கு 2.8 கிராம். கார்பனில் நூற்றுக்கு ஏழை எடுத்த காளான், தழைச்சத்தில் கிட்டத்தட்டப் பாதியை எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் பறிப்பு ஏன் மெலிகிறது என்பதற்குப் பெரிய காரணம் இது. எளிய கார்பனும் குறைகிறது, தழைச்சத்தும் தீர்கிறது. பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, அதில் கார்பன் எப்படி அடைபட்டிருக்கிறது, ஒரு பங்கு தழைச்சத்துக்கு எத்தனை பங்கு கார்பன் இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். வைக்கோலில் ஒன்றுக்கு அறுபது, எழுபது.

இனித் தங்கையின் பட்டியலுக்கு வருகிறேன்.

வைக்கோலைத்தான் நான் முதலில் வைப்பேன். செல்லுலோஸ் 35 முதல் 40 விழுக்காடு, ஹெமிசெல்லுலோஸ் 20 முதல் 25, லிக்னின் 10 முதல் 15. கிழங்கு நிறைய, சட்டம் குறைவு. மொத்தக் கார்பன் மரத்தூளைவிடக் குறைவுதான்; மரத்தில் பாதிக்குப் பாதி கார்பன், வைக்கோலில் நாற்பது விழுக்காடு. வைக்கோலில் மணலின் தன்மையுள்ள சிலிக்கா மிகுதி, எரித்தால் சாம்பல் அதிகம் மிஞ்சும். ஆனால் மொத்தம் எவ்வளவு என்பதைவிட எட்டும் தூரத்தில் எவ்வளவு என்பதுதான் காளானுக்கு முக்கியம். வைக்கோல் தாள் உள்ளே கூடாக இருப்பதால் பாத்திக்குள் காற்றும் தங்கும்.

நம் பக்கத்தில் எந்தப் பருவத்து வைக்கோல் என்பதையும் பார்க்கவேண்டும். கார் அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் மழையோடு போட்டி போடும். நனைந்து, படப்பு போடுவதற்குள் பாதி கறுத்துவிடும். அப்படிக் கறுத்த வைக்கோலில் வேறு பூஞ்சைகள் முன்பே குடியேறிக் கிழங்கைத் தின்றிருக்கும். நமக்கு மிஞ்சுவது எச்சில். மாசி, பங்குனியில் அறுக்கும் பிசான வைக்கோல் நல்ல வெயிலில் காய்ந்து பொன்னிறமாக இருக்கும். முகர்ந்தால் புல் வாசம் வரவேண்டும், முக்கல் வாடை வரக்கூடாது. ஒரு வருடத்துக்கு வேண்டியதைப் பிசானத்தில் வாங்கிப் படப்பு போட்டு மூடிவைப்பது என் வழக்கம். இயந்திரத்தில் அறுத்த வைக்கோல் நசுங்கிப் பிளந்திருப்பதால் தண்ணீரை வேகமாகக் குடிக்கும், இழையும் வேகமாக ஏறும். ஆனால் கட்டுக்குள் சேறும் மண்ணும் சேர்ந்து வருகிறதா என்று பிரித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கதிர் முற்றும் நேரத்தில் பூஞ்சாணக் கொல்லி தெளித்த வயலின் வைக்கோலை நான் தொடுவதில்லை. காளானும் பூஞ்சாணம்தான், அதோடு அது நாம் தின்னும் பொருள்.

வைக்கோலை முழத்தில் பாதிக்கும் குறைவாக நறுக்கி நான்கைந்து மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்தபோது, தொட்டித் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்தில் ஓடியது. தங்கைக்கு மனசு கேட்கவில்லை.

"சத்தெல்லாம் தண்ணீரோடு போகிறதே, அண்ணே?"

"போகட்டும் அம்மா. அது பதநீர். பாத்தியில் அது இருந்தால் முதலில் வருவது காளான் இல்லை, பச்சைப் பூஞ்சைதான்."

டிரைக்கோடெர்மா என்கிற பச்சைப் பூஞ்சை சிப்பிக் காளானைவிட வேகமாக ஓடும். எளிய சர்க்கரை கிடைத்துவிட்டால் அதைப் பிடிக்க முடியாது. ஊறவைத்து நீரை வடிப்பதும், பிறகு 80 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் முக்கால் மணி நேரம் வேகவைப்பதும் கிருமியைக் கொல்வதற்கு மட்டுமல்ல. யார் வேண்டுமானாலும் குடிக்கக்கூடிய கார்பனை வெளியேற்றி, சிப்பிக் காளானுக்கு மட்டும் எட்டக்கூடிய கார்பனை விட்டுவைப்பதற்கும்தான். கார்பனில் கொஞ்சத்தை நாமே கொட்டிவிடுவதால்தான் மிச்சம் பத்திரமாக இருக்கிறது. வெந்த வைக்கோலை உலர்த்தி, ஒரு பிடி எடுத்து இறுக்கினால் சொட்டு விழக்கூடாது, உள்ளங்கை மட்டும் நனையவேண்டும். அப்போது பாத்தி கட்டலாம்.

வாழைச்சருகு இரண்டாவது இடம். களக்காட்டிலும் ஏர்வாடிப் பக்கத்திலும் குலை வெட்டியபின் தோப்பில் கிடப்பதை அள்ளிக்கொள்ளலாம். சருகில் சிப்பிக் காளான் நன்றாகவே வரும். இழை சீக்கிரம் ஏறும், தழைச்சத்தும் வைக்கோலைவிடச் சற்றுக் கூடுதல். குறை என்னவென்றால், வெந்ததும் சருகு துவண்டு ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். பாத்தியின் நடுவில் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் இழை நின்றுவிடும், புளித்த வாடை வரும். நான் சருகைத் தனியாக அடைப்பதில்லை. ஒரு பங்கு சருகுக்கு இரண்டு பங்கு வைக்கோல். வாழைத்தடையை, அதாவது வாழைமரத்தின் அடித்தண்டைப் பயன்படுத்துகிறவர்கள் நன்றாகக் காயவைத்து நறுக்கவேண்டும். பச்சைத்தடையில் தண்ணீரும் சாறும் அதிகம், பச்சைப் பூஞ்சைக்கு விருந்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

கரும்புச் சக்கையைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. லிக்னின் 20 விழுக்காட்டுக்கு மேல், கார்பன் விகிதம் ஒன்றுக்கு நூறுக்கு மேல். சிப்பிக் காளான் வரும், ஆனால் நாள் கூடும். சாறு சரியாகப் பிழியப்படாத சக்கையில் சர்க்கரை தங்கியிருக்கும் என்பதால் வேகவைப்பதில் கண்டிப்பு வேண்டும். வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கு அது அடுப்பெரிக்கத் தேவை, கொடுக்கவும் மாட்டார்கள். ஆலை பக்கத்தில் இருப்பவர்கள் வைக்கோலோடு கலந்து பார்க்கலாம். கடையத்திலிருந்து வண்டி வைத்து எடுத்துவரத் தேவையில்லை.

மரத்தூளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிப்பிக் காளான் மரத்தில் வளரும் இனம் என்றால் மரத்தூளில் பிரமாதமாக வரவேண்டுமே என்று தோன்றும். வரும், ஆனால் நம் குடிலில் அல்ல. ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருநூறு முதல் ஐநூறு பங்கு வரை கார்பன். கார்பன் கடலாகக் கிடக்கிறது, உடம்பு கட்டத் தழைச்சத்து இல்லை. அதனால் தவிடு சேர்த்தாகவேண்டும். தவிடு சேர்த்தால் வெந்நீர் போதாது, 121 டிகிரியில் அழுத்த நீராவியில் அவிக்கும் கலன் வேண்டும். இல்லையென்றால் தவிட்டைப் பச்சைப் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். எந்த மரத்தின் தூள் என்பதும் தெரியாது. அறுவை மில்லில் தேக்கும் வேம்பும் கலந்து கிடக்கும், பூஞ்சையை அண்டவிடாத எண்ணெயும் பிசினும் அவற்றில் உண்டு. பெரிய முதலீட்டில் ஆலைபோல் நடத்துகிறவர்களுக்கு மரத்தூள் நல்ல வழி. ஓலைக் குடிலுக்கு ஆகாது.

தவிட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வைக்கோலில் தழைச்சத்து குறைவு என்று மேலே சொன்னதைப் படித்துவிட்டு யாரும் கை நிறையத் தவிட்டை அள்ளிப் போட்டுவிட வேண்டாம். நான் போட்டிருக்கிறேன். ஒரு பங்குனி மாதம், மகசூலைக் கூட்டுகிற ஆசையில் அளவில்லாமல் கலந்தேன். இழை வேகமாகத்தான் ஓடியது. வேகமாக ஓடினால் வேகமாக மூச்சுவிடும், மூச்சுவிட்டால் சூடாகும். வெளியே வெயில், உள்ளே பாத்தியின் சொந்தச் சூடு. ஐந்தாம் நாள் பாத்தியைத் தொட்டால் காய்ச்சல்காரன் நெற்றிபோல் கொதித்தது. எட்டாம் நாள் அத்தனையும் பச்சை. வெட்டிக் குழியில் போட்டு மூடும்போது தொண்டை அடைத்தது. சேர்ப்பதானால் உலர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குள், அதுவும் ஐப்பசி முதல் தை வரையிலான குளிர்ந்த நாட்களில், வைக்கோலோடு சேர்த்தே அவித்து. உளுந்தம்பொட்டு கிடைத்தால் அதையும் இதே அளவில் சேர்க்கலாம்.

இப்போது நார்க்கழிவு. தங்கையின் ஆசை இதில்தான் இருந்தது, அதனால் இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். தென்னை நார்க்கழிவில் லிக்னின் மட்டும் ஏறக்குறைய முப்பது விழுக்காடு. செல்லுலோஸ் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும். கார்பன் விகிதம் ஒன்றுக்கு நூறுக்கு மேல். பனை உவமையில் சொன்னால் இது அநேகமாகச் சட்டம்தான். கிழங்கு கொஞ்சம், அதுவும் சட்டத்துக்குள் ஆணி அடித்து வைத்திருக்கிறது. நார் ஆலைகளுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக மழையிலும் வெயிலிலும் கிடந்தும் இற்றுப்போகாமல் குவியலாகவே நிற்பதைக் கடையம், ஆலங்குளம் பக்கம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மண்ணில் இருக்கும் எந்தப் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதை விரும்பித் தின்னவில்லை என்பதற்கு அந்தக் குவியலே சாட்சி. தண்ணீரை வேறு எடையைப்போல் பல மடங்கு பிடித்துக்கொள்ளும், பாத்திக்குள் காற்று நுழையாது.

ஆனாலும் சிப்பிக் காளானிடம் வாள் இருக்கிறது அல்லவா? இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அந்த வாளை வேறு வேலைக்குப் பயன்படுத்தச் சொல்லித் தருகிறது. ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் காய்ந்துபோகாமல் வைத்திருந்தால் 112-ஆக இருந்த கார்பன் விகிதம் 24-க்கு இறங்கி, நல்ல உரமாகிறது. பறித்து விற்கக் காளான் வருவது அங்கே நோக்கம் அல்ல. லிக்னினைச் சிதைத்து, கார்பனைக் காற்றுக்கு அனுப்பி, தென்னைக்கும் வாழைக்கும் போடக்கூடிய எருவாக்குவதுதான் நோக்கம். சும்மா கிடைக்கும் நார்க்கழிவை அதற்கு எடுத்துக்கொள் என்று தங்கையிடம் சொன்னேன். விற்கும் காளானுக்கு அதை நம்பினால் வித்துக் காசும், உழைத்த நாளும், குடிலில் அடைபட்ட இடமும் போகும். சும்மா கிடைத்த பொருளிலேயே அதிகச் செலவு வைப்பது அதுதான்.

பஞ்சுக் கழிவு இந்தப் பட்டியலில் ஒரு தனிப் பிறவி. பஞ்சு இழையில் பத்தில் ஒன்பது பங்கு செல்லுலோஸ். சட்டமே இல்லாத வெறும் கிழங்கு. அதற்குப் பொருத்தமான காளானும் வேறு: வைக்கோல் காளான். நம் மாநிலத்தில் கோயம்புத்தூரில் 1940-களிலேயே வளர்த்துப் பார்த்த இனம் அது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில், வித்துப் போட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டைபோல் வெளியே வந்துவிடும். லிக்னினை உடைப்பதில் அது பலவீனம். அதனால் வைக்கோலில் போட்டால் செல்லுலோஸின் பெரும்பகுதியை எட்ட முடியாமல், நூறு கிலோவுக்குப் பத்துப் பதினைந்து கிலோதான் தரும். பஞ்சுக் கழிவில் எதிர்த்து நிற்க எதுவும் இல்லாததால் இரண்டு மூன்று மடங்கு வரும். 1970-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில் இதைக் கண்டு பஞ்சுக் கழிவுக்கு மாறினார்கள். ஒரே வைக்கோலில் சிப்பிக் காளான் செழிக்கிறது, பெயரிலேயே வைக்கோலை வைத்திருக்கும் காளான் திணறுகிறது. கார்பன் இருப்பது வேறு, அதை எட்டுவது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் நெல்லைச் சீமையில் அதை விற்பது கடினம். பறித்த சில மணி நேரத்தில் குடை விரிந்துவிடும், குளிர்பெட்டியில் வைத்தால் நீர்த்துக் கூழாகிவிடும். வாசலிலேயே வாங்க ஆள் இருந்தாலொழிய இறங்கக்கூடாது. மொட்டுக் காளானையும் சிலர் கேட்கிறார்கள். அதற்கு முன்கூட்டியே மக்கவைத்து, தழைச்சத்தை ஏற்றி, கார்பன் விகிதத்தைப் பதினாறு, பதினேழுக்கு இறக்கிய கம்போஸ்ட் வேண்டும். குடிலில் 14 முதல் 18 டிகிரி குளிர் வேண்டும். ஊட்டிக்குச் சரி, சித்திரை வெயிலில் தார்ச்சாலை இளகும் நம் ஊருக்குச் சரிவராது.

ஆகவே பொருள் வைக்கோல்தான், கையோடு கொஞ்சம் வாழைச்சருகு. அடுத்து முடிவு செய்யவேண்டியது அந்த வைக்கோலில் எந்த மாதம் எந்தக் காளான் என்பது. சிப்பிக் காளானுக்கு 25 முதல் 30 டிகிரி இதம். கடையத்துக்கு மலைச்சாரல் காற்று வருவதால் ஆனி முதல் ஆவணி வரை அவளுக்குச் சேரன்மகாதேவியைவிட நல்ல காலம்; ஐப்பசி முதல் மாசி வரை இரண்டு ஊருக்கும் நல்ல காலம். வெயில் ஏறிய பிறகு சிப்பிக் காளானோடு போராடாமல் பால் காளானுக்கு மாறிவிடவேண்டும். 30 முதல் 35 டிகிரி அதற்குப் பிடித்த வெப்பம். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏபிகே 2 ரகம் நம் வறண்ட சீமைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. அதே வைக்கோல், அதே வேகவைப்பு. இழை முழுக்கப் பரவியபின் பாத்தியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, மேலே நீராவியில் அவித்த மண்ணை இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பவேண்டும். அந்த மண்ணில் உணவு இருக்கக்கூடாது. ஈரத்தைப் பிடித்துக்கொடுப்பதுதான் அதன் வேலை, கார்பன் முழுக்கக் கீழே வைக்கோலிலிருந்துதான் ஏறும். பறித்த பால் காளான் சிப்பிக் காளானைவிடக் கூடுதல் நாள் தாங்கும். கடையத்திலிருந்து தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் காலை பஸ்ஸில் அனுப்பி விற்கப்போகிறவளுக்கு இது பெரிய நிம்மதி. வேலை கூடுதல், முதல் பறிப்புக்குக் காத்திருக்கும் நாளும் கூடுதல் என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை.

பறிப்பு முடிந்த பாத்தியைத் தூக்கியெறிய வேண்டாம் என்றும் சொன்னேன். நாம் போட்ட கார்பனில் பாதிக்கும் மேல் இன்னும் அதிலேயே இருக்கிறது. கார்பன் காற்றாகக் கழிந்துபோனதால் விகிதமும் இறங்கியிருக்கும். கொழுந்தனார் சருகு தருகிறார் அல்லவா? பதிலுக்கு மக்கிய பாத்தியை அவர் தோப்புக்கு அனுப்பினால் வாழை மூட்டில் போட்டுக்கொள்வார்.

தங்கை அந்த நாள்காட்டித் தாளில் மரத்தூளையும் சக்கையையும் பஞ்சையும் அடித்தாள். நார்க்கழிவை அடிக்காமல், பக்கத்தில் "தென்னைக்கு எரு" என்று எழுதிக்கொண்டாள். அம்பையில் ஒரு அண்ணாச்சியிடம் பத்துக் கட்டு வைக்கோலுக்குச் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினாள். அது கார் வைக்கோல், முதல் சுற்றுக்குப் போதும். ஒவ்வொரு கட்டையும் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு ஏற்றச் சொல்லியிருக்கிறேன். மாசியில் பிசானம் அறுத்ததும் இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டியில் எடுப்பதாக ஏற்பாடு.